ரப்பர் படகுக்கு நான் போட்ட எண்ணெய்

என் மகனுக்கு,

உன் கல்யாண அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாய். பெண்ணின் பெயரைப் படித்தேன், அவள் அப்பாவின் பெயரைப் படித்தேன், அப்புறம் என் பெயர் அச்சாகியிருந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமாகப் படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. உன் அம்மா இருந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியிருப்பாள். நான் பட்டறைக்கு எடுத்துப் போய் லேத்தின் மேல் வைத்தேன். அங்கே எண்ணெய் பட்டுவிடும் என்று பயம் வந்து மறுபடியும் வீட்டுக்கே கொண்டுவந்து அவள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். காரணம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இலத்தூர்க் குளத்தங்கரையில், நாற்பது ஐம்பது பேர் பார்க்க, நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அடியை ஊர் பார்க்க அடித்துவிட்டு, மன்னிப்பை மட்டும் மூடிய உறைக்குள் வைத்துக் கேட்பது யோக்கியமான காரியமில்லை. பெயர் போடட்டுமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். தென்காசியில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த வருஷம் அது. கொச்சியில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போனவன், செங்கோட்டை வழியாக வருகிற ரயிலில் தோளில் பெரிய உருட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினாய். ஜமக்காளம் என்றுதான் நினைத்தேன். முற்றத்தில் அவிழ்த்துப் பரப்பினால் மஞ்சளும் கறுப்புமாய் ரப்பர். சண்டைக் காலத்துப் பட்டாளம் கழித்துப் போட்ட சாமான், காற்று அடைத்தால் இரண்டு பேர் உட்காரும் படகு ஆகும் என்றாய். துடுப்பு கிடையாது, துடுப்பை மாட்டும் கொக்கி கிடையாது, உட்காரப் பலகை கிடையாது, காற்றடிக்கப் பம்ப் கிடையாது, காற்றுக் குழாய்க்கு மூடி கூடக் கிடையாது. உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஊர்ல அவனவன் கொச்சிக்குப் போனா மிளகு வாங்கிட்டு வருதான். நீ என்னலே கிழிஞ்ச பைய வாங்கிட்டு வந்திருக்க?" என்றாள்.

நீ என்னைப் பார்த்துத்தான் பேசினாய். "யப்பா, ரப்பர நான் பாத்துக்கிடுதேன். இரும்பு, பித்தளை எல்லாம் நீங்க செஞ்சு தாங்க. வெளிய ஒரு சாமான் வாங்க வேண்டாம். சாரல் நேரத்துல குத்தாலத்துக்கு எவ்வளவு சனம் வருது! குளிச்சு முடிச்சுட்டு சும்மாதான லாட்ஜுல கெடக்காவ. இலத்தூர்க் குளத்துல ரெண்டு ரெண்டு பேரா ஏத்திச் சுத்திக் காட்டலாம். நல்லா ஓடுச்சுன்னா இன்னொரு படகு வாங்குவோம். நான் இங்கனயே இருந்துருவேன்."

கடைசியாகச் சொன்னாயே, அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. சந்தோஷத்தை முகத்தில் காட்டினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி நான். குனிந்து ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். அங்கே போய்த் தனியாகச் சிரித்தேன். இதையெல்லாம் அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் பிள்ளை பிறந்து அவன் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நின்றால், சிரிப்பு வந்தால் அவன் எதிரிலேயே சிரித்துவிடு.

அடுத்த நாற்பது நாளும் வேறு வேலைக்கு நான் கை வைக்கவில்லை. பம்ப்செட் ரிப்பேருக்கு வந்த வடகரைக்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டினார்கள். ரப்பரில் கிழிந்த இடத்தையெல்லாம் நீ பசை தடவி ஒட்டுப் போட்டாய். துடுப்புக் கொக்கிக்கு நீ மரத்தில் அச்சு செதுக்கினாய், நான் மண்ணில் பதித்துப் பித்தளை ஊற்றினேன். முதல் கொக்கி கழுத்தில் ஒடிந்தது. "கழுத்தத் தடிமனா விடணும் யப்பா, பாரம் பூராவும் அங்கனதான் விழும்" என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாய். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டாவது கொக்கி ஒடியவில்லை. நங்கூரம் செய்யச் சொன்னாய். நான் ஜென்மத்தில் நங்கூரத்தைக் கண்டதில்லை. கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக் கரண்டியைத்தான் கண்டிருக்கிறேன். அதே மாதிரி நான்கு கொக்கி வைத்து, முனை ரப்பரைக் குத்தாமல் உள்பக்கமாகச் சுருட்டிவிட்டேன். நீ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், ஆனால் மாற்றச் சொல்லவில்லை. துடுப்பின் தகட்டைப் பார்த்து உன் அம்மா, "இதுல தோசை திருப்பணும்னா கல்லு எம்புட்டுப் பெரிசு வேணும்!" என்றாள். காற்றடிக்க உலைத் துருத்தியின் வாயிலேயே ஒரு பித்தளைக் குழாயைக் கடைந்து மாட்டினோம். முதல் தடவை படகு உப்பி எழுந்தபோது பட்டறைக்குள் நமக்கு நிற்க இடமில்லாமல் போனது ஞாபகம் இருக்கிறதா?

அந்த நாட்களில்தான் நாம் பேசினோம். அதற்கு முன்னால் நமக்குள் பேச்சு என்றால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" அவ்வளவுதான். எனக்கு நீச்சல் தெரியாது என்பதே உனக்கு அப்போதுதான் தெரிந்தது. "குத்தாலத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு நீச்சல் தெரியாதாக்கும்!" என்று நீ கேட்டாய். அருவியில் நிற்கத் தெரிந்தால் போதும், நீந்துவது எதற்கு என்று வீறாப்பாய்ச் சொன்னேன். "சரி, மொத ஓட்டத்துக்கு நீங்கதான் ஏறணும். நான் இருக்கேன்லா" என்றாய்.

இனி என் தப்புக்கு வருகிறேன். துடுப்புக் கொக்கி நிற்பதற்காகப் படகின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் செய்தோம் அல்லவா? அது இரண்டு பக்கத்து ரப்பர்க் குழாய்களின் மேலும் நான்கு இடத்தில் உட்கார்ந்தது. இரும்பு ரப்பரை உரசிக் கிழித்துவிடக் கூடாதே என்று அந்த நான்கு இடத்துக்கும் சாக்கை மடித்து மெத்தை தைத்தேன். காய்ந்த சாக்கும் அறுக்குமே என்று அதை மெஷின் எண்ணெயில் ஊற வைத்தேன். தினமும் பட்டறையை அடைக்கும் முன் நான்கு மெத்தைக்கும் ஒரு கை எண்ணெய் விட்டேன். நீ இல்லாத நேரமாகப் பார்த்து விட்டேன், ஏனென்றால் நீ பார்த்தால் 'அப்பா ரொம்பப் பொத்திப் பொத்தி வைக்கிறார்' என்று கேலி செய்வாய். எனக்குத் தெரிந்த அக்கறை அது ஒன்றுதான். நாற்பது வருஷமாக எந்தச் சாமானின் மேல் ஆசை வந்தாலும் அதற்கு எண்ணெய் போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

ஒருநாள் நீ மூக்கைச் சுளித்தாய். "எண்ணெய் நாறுதே யப்பா. ரப்பர்ல படாமப் பாத்துக்கிடுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இரும்புன்னா எண்ணெய் நாறத்தான் செய்யும். நீ உன் ரப்பரப் பாரு, இரும்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நீ பசை டப்பாவோடு உன் ரப்பர் பக்கம் திரும்பிக்கொண்டாய். வீட்டில் யாராவது ஏதோ நாறுகிறது என்று சொன்னால் எழுந்து போய் முகர்ந்து பார், மகனே. இது என் அனுபவத்தில் உனக்குச் சொல்லுகிற புத்தி.

ஆடி மாதத்தில் குளம் நிறைந்தது. சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் படகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கரையில் கூட்டம் கூடிவிட்டது. நடுக்குளம் வரைக்கும் எவ்வளவு அழகாகப் போனது! நீ துடுப்புப் போட்டாய், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் வலப்பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். சட்டத்துக்குக் கீழே ரப்பர் ஒட்டு வாயைத் திறந்துகொண்டது. படகு மடங்கியது, சட்டம் சரிந்தது, என் வேட்டி அதில் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டது. நான் வார்த்த பித்தளை, நான் வளைத்த இரும்பு, அதுதான் என்னைக் கீழே இழுத்தது. தண்ணீர் மூக்கில் ஏறியதுதான் எனக்குத் தெரியும். நீ முங்கி வந்து வேட்டியை உருவி எறிந்து, என் தலைமயிரைப் பற்றிக் கரைக்கு இழுத்து வந்தாய்.

கரையில் என்னை நிறுத்தினாய். கோமணத்தோடு நிற்கிறேன். கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஊரில் பத்துப் பேர் மதிக்கிற பட்டறைக்காரன், வாயில் பாசியோடும் சேற்றோடும் நின்றேன். அந்தச் சிரிப்புக்கு யாரையாவது அடித்தாக வேண்டியிருந்தது, பக்கத்தில் நின்றது நீ. "சாகடிக்கப் பாத்தியாலே? ஒழுங்கா ஒட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குலே படிப்பு?" என்று கத்திக்கொண்டே அறைந்தேன். நீ பக்கத்தில் நின்றவர் தோளிலிருந்து ஒரு துண்டை வாங்கி, குனிந்து, இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாய்.

அடுத்த வாரம் நீ பம்பாய்க்கு ரயில் ஏறினாய். துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் வேலை என்றாய். போவதற்கு முன் அந்தப் படகைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டிப் பரணில் ஏற்றிவைத்தாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "புள்ள உங்களத் தூக்கிட்டு வந்தான். நீங்க அவன அடிச்சிய" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதம் ஒரு கார்டு வரும் உன்னிடமிருந்து. நலம், நலமறிய ஆவல், மழை உண்டா. உன் அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது மட்டும், "நீங்க ஒரு கடுதாசி போடுங்க. நீங்க கூப்புட்டா வந்துருவான்" என்றாள். அவன் முதலில் எழுதட்டும் என்றேன். அந்த நிலைமையிலும் அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன் பார்!

அவளுக்குக் கொள்ளி வைக்க உன்னால் வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை ஒரே வீட்டில் இருந்தோம். வெந்நீர் போடவா என்று நீ கேட்டாய், ரயில் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டேன். நீ போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று எதுவும் இல்லை. காலையில் ஒரு தரம் சோறு வடிக்கிறேன், ராத்திரிக்கும் அதுவே. இந்தச் சீசனிலும் பஸ் பஸ்ஸாக ஈரத் தலையோடு ஜனங்கள் குற்றாலத்திலிருந்து திரும்பிப் போவதைப் பட்டறை வாசலிலிருந்து பார்க்கிறேன். எனக்கும் ஒருநாள் ஆசை வந்து ஐந்தருவி வரை போனேன். சட்டையையும் துண்டையும் யார் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குளிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் என் சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது. பட்டறைக்கு எதிரே மைதீன் என்று ஒருவர் புதிதாகச் சைக்கிள் கடை போட்டிருக்கிறார். அவர் டியூபை உருவும்போது நான் ஒத்தாசைக்கு ஒரு முனையைப் பிடித்தேன். மனுஷன் பதறிப்போனார். "அண்ணாச்சி, கையத் தொடச்சுட்டுத் தொடுங்க! எண்ணெயும் ரப்பரும் ஆகவே ஆகாது. ஒட்டு நிக்காது. ஒரு மாசம் எண்ணெயில கெடந்துச்சுன்னா டியூபே அல்வாவாப் போயிரும்" என்றார். நான் அங்கேயே அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னய்யா சொல்லுதிய? நெசமாவா?" என்று கேட்டேன். "எங்க தொழில்ல மொதப் பாடமே அதுதானே அண்ணாச்சி. மேலுக்கு முடியலியா? தண்ணி தரட்டா?" என்றார்.

பட்டறையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இந்த வயசில் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். படகை இறக்கிக் கூடத்தில் விரித்தேன். சட்டம் உட்கார்ந்த நான்கு இடத்திலும் ரப்பர் கொழகொழத்துப் போயிருந்தது, விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் என்னை உட்கார வைத்தது அது இல்லை. அந்த நான்கு இடத்திலும் எண்ணெயைச் சுரண்டி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க யாரோ முகப்பவுடர் தூவி வைத்திருந்தார்கள். உன் அம்மாவின் பவுடர் டப்பா நீ ரயில் ஏறிய வாரம் காணாமல் போய் அவள் தேடியது எனக்கு நினைவுக்கு வந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ரயில் ஏறும் முன்பே தெரிந்திருக்கிறது. படகை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டி, "யப்பா, இது உங்க எண்ணெய் செஞ்ச வேல" என்று சொல்லியிருக்கலாம். நான் ஒடுங்கிப் போயிருப்பேன். நீ சொல்லாமல் சுருட்டி வைத்துவிட்டுப் போனாய். ஏழு வருஷம், அம்மாவின் பதினாறு நாளிலும்கூட, வாயைத் திறக்கவில்லை. என் தொழில் கர்வத்தை நீ காப்பாற்றினாய், நான் உன் மானத்தைக் கரையில் போட்டு மிதித்தேன். அன்று கூடத்தில் அந்த ரப்பரின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தேற்ற ஆள் இல்லை, சௌகரியமாக அழ முடிந்தது.

மறுநாள் இலத்தூருக்குப் போனேன். குளத்தங்கரை டீக்கடையில் அன்று நின்ற முகங்கள் சில இருக்கும், அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடைக்காரர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "ரப்பர் படகு அண்ணாச்சிதானே! மறக்க முடியுமா? கரை ஏறுனதும் நீங்களும் உங்க மவனும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னியளே, அதப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிட்டு" என்றார்.

நீ துண்டு கட்டிவிட்டதைத்தான் அவர் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சபலம் தட்டியது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் அங்கே அதுவே நடந்ததாகிவிடும். "இல்லைய்யா, நான் அவன அறைஞ்சேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் என் தப்பு" என்றேன். அவர் நம்பவில்லை. "போங்க அண்ணாச்சி, உசுரக் காப்பாத்துன புள்ளைய எவனாவது அடிப்பானா?" என்று சிரித்துக்கொண்டே டீயை நீட்டினார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

ஆக, ஊர் அதை மறந்துவிட்டது; அந்த அடி இப்போது உனக்கும் எனக்கும் மட்டும்தான் நினைவிருக்கிறது போல. எனக்கு வயசாகிவிட்டது. நான் இதைச் சொல்லாமல் போய்விட்டால், நீ ஒருவனே அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும். அதனால்தான் அச்சில் ஏற்றுகிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அழைப்பிதழில் பெயர் போட்டுவிட்டோமே என்று கடமைக்காக என்னை மணவறைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். உனக்கு மனசில்லாவிட்டால் பின்வரிசையிலிருந்து அட்சதை போட்டுவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடுகிறேன், வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனாலும் திரும்பிவிடுகிறேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு நேரில் சொல்லத்தான் ஆசை. அந்த நேரத்தில் எனக்கு நாக்கு எழாது என்று தெரியும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தப் படகில் நீ போட்ட மற்ற ஒட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எண்ணெய் படாதவை ஒன்பது. ஒன்பதையும் நகத்தால் நெம்பினேன், அப்புறம் உளியால் நெம்பினேன். ஏழு வருஷத்துக்குப் பிறகும் ஒன்றுகூட எழும்பவில்லை. ரொம்ப நல்ல வேலை செய்திருக்கிறாய், அய்யா.